டார்ச் லைட்டில் லித்தியம் செல்: வாங்குவதிலிருந்து தூக்கிப்போடுவது வரை

மூன்று கட்டை போட்ட பழைய டார்ச்சில் பயப்பட ஒன்றுமில்லை. கட்டை தீர்ந்தால் வெளிச்சம் மங்கும். எடுக்க மறந்தால் கசிந்து உள்ளே துருவேறும். அதோடு சரி. இப்போது ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர் கட்டியிருக்கும் நெத்தி லைட்டிலும், நடைபாதையில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் டார்ச்சிலும், ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் லைட்டிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே வகைச் செல்தான்: லித்தியம் அயான். விரல் நீளச் செல் ஒன்றில் பதினோரு வாட்-மணி அளவுக்கு மின்சாரம் அடங்கியிருக்கிறது. அது தீப்பிடிக்கும் திரவத்தில் ஊறியிருக்கும் செல். அதைத் தண்ணீர் புகாதபடி ரப்பர் வளையம் போட்ட அலுமினியக் குழாய்க்குள் இறுக்கி மூடி வைத்திருக்கிறோம். தண்ணீர் உள்ளே போகாத குழாயிலிருந்து வாயுவும் வெளியே வராது. செல் கெட்டுப்போய் வாயு கக்கினால் டார்ச்சே வெடிகுழாய் ஆகிவிடக் காரணம் இதுதான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒழுங்கான செல், ஒழுங்கான சார்ஜர், அவ்வப்போது ஒரு மீட்டர் சோதனை என்று இருந்தால் பல வருஷம் பிரச்சினை இல்லாமல் ஓடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இரண்டாவது லைட் வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.

எண்ணைப் படியுங்கள்

செல்லின் மேல் 18650 என்று இருந்தால் விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிப்பது. 21700 அதைவிடக் கொஞ்சம் பெரியது. குழப்பம் வருவது சிறிய செல்களில்தான். 14500 என்பது சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் செல்லின் அதே அளவு. ஆனால் பென்சில் செல் 1.5 வோல்ட், இது முழு சார்ஜில் 4.2 வோல்ட். பென்சில் செல்லுக்கென்று செய்த லைட்டில் இதைப் போட்டால் லைட் கருகும். அதேபோல 16340 என்ற சார்ஜ் செய்யக்கூடிய செல்லும், சிஆர்123ஏ என்ற சார்ஜ் செய்யக்கூடாத செல்லும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவதைச் சார்ஜரில் போடுவது நேரடி ஆபத்து.

இன்னொன்று, சோலார் விளக்குகளிலிருந்து கழற்றிய 18650. அவற்றில் பல லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, உறையில் 3.2 வோல்ட் என்று போட்டிருக்கும். அவற்றின் முழு சார்ஜ் 3.65 வோல்ட்தான். நம் டார்ச் சார்ஜர் 4.2 வரை ஏற்றிவிடும். அளவு பொருந்துகிறது என்பதற்காக உள்ளே தள்ளாதீர்கள்.

வாங்கும்போது

18650 அளவில் இன்றைக்கு நம்பிக்கையாக வாங்கக்கூடிய அதிகபட்சக் கொள்ளளவு 3500, 3600 எம்ஏஹெச் (மில்லிஆம்பியர்-மணி) வாக்கில். மிகப் புதிய சில ரகங்களை 4000 என்று விற்கிறார்கள். 6800, 9900 என்று அச்சடித்திருப்பதெல்லாம் அச்சகத்தின் சாதனை. இந்த அளவுக்குள் அவ்வளவு அடைக்க இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை. அப்படிப்பட்ட செல்லைச் சோதித்தால் ஆயிரம் எம்ஏஹெச் தேறினாலே அதிர்ஷ்டம்.

வெள்ளி நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் எடை போடுங்கள். நல்ல 18650 ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் இருக்கும். முப்பது கிராம்தான் என்றால் கேள்வியே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் நல்ல செல் ஆகிவிடாது. அடுத்து நெகட்டிவ் முனையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு, நான்கு என்று பொட்டுப் பொட்டாகத் தழும்பு தெரிந்தால் அது லேப்டாப் பேட்டரியிலோ வண்டி பேட்டரியிலோ ஸ்பாட் வெல்டிங் செய்திருந்த செல். பிரித்தெடுத்து, தேய்த்து, புது உறை மாட்டி வந்திருக்கிறது. தழும்பைத் தேய்த்து மறைத்த இடமும் பளபளப்பு மாறிக் காட்டிக்கொடுக்கும்.

இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வரும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் இந்தச் சரிபார்ப்பைச் செய்துவிடுவது நல்லது.

கொள்ளளவைவிட முக்கியமானது, செல் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது. சாம்சங்கின் மூன்று ரகங்களைப் பாருங்கள்: 35ஈ என்பது 3500 எம்ஏஹெச், தொடர்ந்து 8 ஆம்பியர். 30கியூ என்பது 3000, ஆனால் 15 ஆம்பியர். 25ஆர் வெறும் 2500. அது 20 ஆம்பியர் தரும். கொள்ளளவு ஏற ஏறத் தரும் கரண்ட் குறைகிறது. உங்கள் லைட் டர்போவில் (அதிகபட்ச வெளிச்சத்தில்) 12 ஆம்பியர் இழுக்கிறது என்றால் அதில் 35ஈ போடுவது செல்லைக் கொல்வதற்குச் சமம். லைட்டின் விவரச் சீட்டில் என்ன செல் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் ஒன்றுமே எழுதவில்லை என்றால் அந்த லைட்டை வாங்குவதைப் பற்றியே யோசிக்கலாம்.

பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல், இல்லாத செல் என்று இரண்டு உண்டு. முதல் வகையில் அடிப்பகுதியில் காசு அளவு சர்க்யூட் தகடு ஒட்டியிருக்கும். அதிகச் சார்ஜ், அடிமட்டம் வரை இறங்குதல், ஷார்ட் சர்க்யூட் மூன்றிலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இதனால் செல் நான்கைந்து மில்லிமீட்டர் நீண்டுபோகும். சில லைட்டில் மூடி இறுகாது. சாம்சங், எல்ஜி, முராட்டா போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் சர்க்யூட் இல்லாத செல்களைத் தனியாகக் கையாள்வதற்கென்று விற்பதில்லை. பேட்டரி பேக் செய்கிறவர்களுக்கு விற்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021ல் உதிரி 18650 செல்களை வாங்காதீர்கள் என்றே அறிவித்தது. டார்ச் பிரியர்களில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் முதல் செல் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாகவே இருக்கட்டும். மலிவு டார்ச்சுக்கு இது இன்னும் அவசியம். வோல்ட் இறங்கியதும் தானாக அணையும் ஏற்பாடு அவற்றில் பலவற்றில் கிடையாது.

உறையைக் கவனியுங்கள்

18650 செல்லின் முழு உடம்பும் நெகட்டிவ். அடிப்பக்கம் மட்டும்தான் நெகட்டிவ் என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடியிலிருந்து மேல் தோள்பட்டை வரை உலோகக் கூடு முழுக்க நெகட்டிவ். நடுவிலிருக்கும் பொத்தான் மட்டும் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு வெள்ளைக் காகித வளையம், அதற்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஷார்ட் சர்க்யூட்டைத் தடுப்பது இவ்வளவுதான்.

டார்ச்சுக்குள் செல்லைத் தள்ளித் தள்ளி எடுக்கும்போது முதலில் கிழிவது இந்தத் தோள்பட்டை ஓரம். நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். மடிப்பு உயர்ந்தோ, கூட்டின் உலோகம் மின்னியோ தெரிந்தால் அந்தச் செல்லை லைட்டில் போடாதீர்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றவும் வேண்டாம். சூட்டில் பசை வழுக்கி டேப் நகர்ந்துவிடும். செல்லும் தடித்து உள்ளே சிக்கிக்கொள்ளும். 18650க்கென்று வெட்டிய சுருங்கும் உறை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய உறையைப் பிளேடு படாமல் உரித்து, காகித வளையத்தை அதன் இடத்தில் வைத்து, புது உறையை மாட்டி, ஹேர் டிரையரில் சில விநாடி காட்டினால் பிடித்துக்கொள்ளும். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லில் இந்த வேலை வேண்டாம். உறைக்கு அடியில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய தகட்டுப் பட்டை அறுந்துவிடும்.

செல் நசுங்கியிருந்தால், பொத்தான் அருகே ஈரம் இருந்தால், நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல இனிப்பாக வாடை வந்தால் அதற்கு மேல் சோதனை எதுவும் தேவையில்லை. அது முடிந்துபோன செல்.

மீட்டர் வைப்பது

எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் மஞ்சள் நிற 830 மாடல் மல்டிமீட்டர் போதும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஊர் எலக்ட்ரிக்கல் கடை வரை எங்கும் கிடைக்கும்.

1. கறுப்பு வயரை காம் என்ற துளையிலும், சிவப்பு வயரை வோல்ட் அடையாளம் உள்ள துளையிலும் செருகுங்கள். பக்கத்திலேயே 10 ஆம்பியர் என்று ஒரு துளை இருக்கும். அதில் செருகிவிட்டுச் செல்லைத் தொட்டால் செல் நேரடியாக ஷார்ட் ஆகும். மலிவு மீட்டரில் அந்தத் துளைக்கு ஃபியூஸ்கூட இருக்காது.
2. திருகை டிசி வோல்ட் பக்கம் 20 என்ற எண்ணில் வையுங்கள்.
3. செல்லை மேசையில் படுக்கவைத்து, சிவப்பு முனையைப் பொத்தானிலும் கறுப்பை அடியிலும் அழுத்துங்கள். இரண்டு ஊசியும் செல்லின் ஒரே பக்கத்தில் படக்கூடாது.

இப்போது திரையைப் பாருங்கள். சார்ஜரிலிருந்து எடுத்து அரை மணி ஆறவைத்த செல் 4.15 முதல் 4.20 காட்டினால் முழு சார்ஜ். 4.0 என்றால் ஏறக்குறைய எண்பது சதவீதம். 3.7 என்றால் பாதிக்குக் கீழே வந்தாயிற்று. 3.5 என்றால் சார்ஜ் போடும் நேரம். 3.0 என்றால் காலி. 4.25ஐத் தாண்டியிருந்தால் குற்றவாளி சார்ஜர். 4.6 என்று காட்டினால் பதறாமல் மீட்டரின் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அது தீரும்போது மலிவு மீட்டர்கள் கூட்டிக் காட்டும்.

பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல் 0 காட்டினால், சர்க்யூட் துண்டித்திருக்கலாம். நல்ல சார்ஜரில் வைத்ததும் மீண்டுவரும். சர்க்யூட் இல்லாத செல் 2.5க்குக் கீழே போய் நாள் கணக்கில் கிடந்திருந்தால் கதையே வேறு. இன்னும் கீழே, மிகவும் இறங்கிவிட்டால் உள்ளே நெகட்டிவ் தகட்டின் செம்பு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். இன்னொரு செல்லை வயரால் இணைத்து "உயிர்கொடுக்கும்" வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. வீடியோவில் செல் உயிர்பெற்றதைக் காட்டுகிறார்கள், மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று காட்டுவதில்லை. நானூறு ரூபாய் செல்லுக்காக இந்த வேலை வேண்டாம்.

பழைய கட்டைகளை ஆம்பியரில் வைத்துச் சோதிக்கிற பழக்கம் உள்ளவர்கள் உண்டு. வயரைத் தொட்டுப் பொறி வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. உலர்செல்லின் உள்தடை (செல்லுக்குள்ளேயே கரண்டை மட்டுப்படுத்தும் தடை) அதிகம், அதனால் தப்பித்தார்கள். லித்தியம் செல்லில் அந்தக் கரண்ட் நூறு ஆம்பியரைக்கூட எட்டலாம். ஒரு முறைகூட முயற்சி செய்யாதீர்கள்.

சார்ஜ் போடுவது

நல்ல சார்ஜர் முதலில் ஒரே சீரான கரண்டைக் கொடுக்கும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்டைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் முற்றிலும் நிறுத்தும். டார்ச்சோடு இலவசமாக வரும் சிவப்பு-பச்சை விளக்குச் சார்ஜர்களில் பல இந்த நிறுத்துவதைச் செய்வதில்லை. பச்சை எரியும், உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சோதிப்பது சுலபம்: பச்சை வந்து ஒரு மணி நேரம் கழித்து செல்லை எடுத்து மீட்டர் வையுங்கள். 4.25க்கு மேல் போனால் சார்ஜர் குப்பைக்கு.

கரண்ட் எவ்வளவு? கொள்ளளவில் பாதி என்பது பாதுகாப்பான கணக்கு. 3000 எம்ஏஹெச் செல்லுக்கு 1.5 ஆம்பியர் வரை போகலாம், 1 ஆம்பியர் போதும். 700 எம்ஏஹெச் 16340க்கு அதே 1 ஆம்பியர் அதிகம். கால் ஆம்பியர், மூன்றில் ஒரு பங்கு என்று குறைத்து வைக்க வழியுள்ள சார்ஜராகப் பாருங்கள்.

மெத்தை, சோபா, துணி மடித்த அலமாரி மேல் சார்ஜ் போடாதீர்கள். மொசைக் தரையோ டைல்ஸோ நல்லது, பக்கத்தில் திரைச்சீலை வேண்டாம். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜ் ஓடவேண்டாம். சித்திரை வெயிலில் வண்டிக்குள் கிடந்த லைட்டை எடுத்து வந்த கையோடு சார்ஜ் போடுவது கூடாது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது பெரும்பாலான செல்களின் விதி. மூடிய காருக்குள் வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். ஆறவிட்டுப் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது செல் இளஞ்சூடாக இருக்கலாம்; கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

சோதனை

புதுச் செல் வந்ததும் பேனாவால் உறை மேல் மாதமும் வருஷமும் எழுதிவிடுங்கள். இரண்டு செல் இருந்தால் எண்ணும் போடுங்கள்.

நான் முதலில் நம்புவது தானாக இறங்கும் சோதனையைத்தான். செலவே இல்லாதது. முழுசாகச் சார்ஜ் செய்து, ஒரு நாள் சும்மா வைத்து வோல்ட்டைக் குறியுங்கள். பிறகு இரண்டு வாரம் டப்பாவில் வைத்து மறுபடி பாருங்கள். 4.17 இருந்தது 4.15 ஆனால் நல்ல செல். 4.17 இருந்தது 4.02 ஆகி, அடுத்த வாரம் 3.95 ஆனால் உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது. கொள்ளளவு எவ்வளவு காட்டினாலும் அந்தச் செல் வேண்டாம். ஒரே ரகத்தில் இரண்டு செல் வைத்திருந்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கொள்ளளவு பார்க்கும் வசதியுள்ள சார்ஜர்கள் செல்லை முழுக்க ஏற்றி, அரை ஆம்பியரில் இறக்கி, எத்தனை எம்ஏஹெச் வெளியே வந்தது என்று காட்டும். மணிக்கணக்கில் ஓடும் வேலை. வீட்டில் இருக்கும் நாளில் போடுங்கள். 3000 போட்ட செல் 2850 காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் 2.5 வோல்ட் வரை இறக்கி அளக்கிறார், சார்ஜர் 2.8லேயே நிறுத்திவிடும். முதல் நாள் காட்டிய எண்ணை எழுதிவைத்து வருஷம் ஒரு முறை ஒப்பிடுங்கள். அதில் எண்பது சதவீதத்துக்குக் கீழே வந்தால் டர்போ லைட்டிலிருந்து எடுத்து அதிகம் இழுக்காத சின்ன லைட்டுக்கு மாற்றலாம். அறுபதுக்கு வந்தால் விடைகொடுங்கள்.

அதே சார்ஜர் உள்தடையையும் மில்லி ஓமில் காட்டும். அந்த எண்ணை நூற்றுக்கு நூறு நம்பாதீர்கள். செல்லைக் கொஞ்சம் திருகி வைத்தாலே மாறும். 40, 50 காட்டிய செல் ஒவ்வொரு முறையும் 150 காட்டத் தொடங்கினால் மட்டும் கவலைப்படுங்கள்.

லைட்டில் போடும்போது

முதல் லைட் ஒற்றைச் செல் லைட்டாக இருக்கட்டும். இரண்டு மூன்று செல்லை வரிசையாக அடுக்கும் லைட்டில்தான் மோசமான விபத்துகள் நடந்திருக்கின்றன. ஒரு செல் 4.2லும் மற்றது 3.7லும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடும். பலவீனமானது முதலில் காலியாகும். ஆனால் லைட் அணையாது, ஏனென்றால் பலமான செல் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது. காலியான செல் வழியாகவே அந்தக் கரண்ட் போய், அதன் முனைகளைத் தலைகீழாக்கும். அப்போதுதான் சூடு, வாயு, பிறகு வெடிப்பு. சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்123ஏ செல்களில் பழையதையும் புதியதையும் கலந்து போட்டும் இப்படி நடந்திருக்கிறது. ஆகவே பல செல் லைட்டுக்கு ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகச் செல்களை ஜோடியாக ஒதுக்கி, ஜோடியாகவே சார்ஜ் செய்து, போடுவதற்கு முன் இரண்டையும் அளந்து, 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே போட வேண்டும்.

பக்கவாட்டில் பொத்தான் உள்ள லைட் பையில் தானாக எரிந்து துணியைப் பொசுக்கிவிடும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். பெரும்பாலான லைட்டில் இணைப்பு விட்டுப்போகும். எலக்ட்ரானிக் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் சொட்டுச் சொட்டாக இழுக்கும் கரண்டும் இதில் நிற்கும்.

வைத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மாதக் கணக்கில் தொடாத செல்லை 3.6, 3.8 வோல்ட்டுக்குள் விட்டு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சட்டைப் பையில் சாவி, சில்லறையோடு ஒருபோதும் கூடாது. புயல் மழைக் காலத்துக்கென்று எடுத்துவைத்த லைட்டாக இருந்தால் ஐப்பசி பிறந்ததும் ஒரு முறை அளந்து ஏற்றிக்கொள்ளுங்கள். விமானத்தில் உதிரி செல்கள் கைப்பையில் மட்டுமே, டப்பாவில் போட்டு. பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது.

செல் சூடாகிப் புஸ்ஸென்றால்

லைட் எரியாமல் இருக்கும்போதே குழாய் சுடுகிறது, சீறும் சத்தம் வருகிறது, வாடை அடிக்கிறது என்றால் மூடியைத் திறக்க முயலாதீர்கள். கையில் இருந்தால் ஆள் இல்லாத வெட்டவெளியில் வீசிவிட்டு விலகி நில்லுங்கள். வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். முகர்ந்து பார்க்கும் சமாச்சாரம் அல்ல. வீட்டுக்குள் சார்ஜரில் என்றால், கிட்டே போக முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம். இந்த வகைச் செல்லுக்குத் தண்ணீர் ஆகாது என்பது தவறு. சூட்டைத் தணிக்க அதுதான் நல்லது. மணல் தீயைப் பரவவிடாது, ஆனால் செல்லைக் குளிரவைக்காது. புகை அறையை நிரப்பிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டு 101க்கு அழையுங்கள். ஆறிய செல்லும் மறுபடி பற்றலாம், அதனால் சில மணி நேரம் தொட வேண்டாம்.

கெட்ட செல்லைக் குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற செல்களைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் மின்கழிவு வாங்கும் இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். கொண்டுபோகும்வரை இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பால்கனியில் மழையும் வெயிலும் படாத இடத்தில் மண்சட்டியில் போட்டு வையுங்கள். மேலே "கெட்டது" என்று பெரிதாக எழுதிவிடுங்கள்; இல்லையென்றால் வீட்டில் யாராவது நல்ல செல் என்று எடுத்துப் போய் சார்ஜில் மாட்டிவிடுவார்கள்.